அந்த ஸ்பிரிங் எதற்கு?

2024 ஜனவரி 6-ம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் 3.30 மணி சுமாருக்கு நான் ஒரு ரோபோவாக இருந்தேன்.

நம்புங்கள். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கம். தரையில் நீல டேப் ஒட்டி, சுமார் 54 அடி நீளம், 27 அடி அகலத்துக்கு ஒரு களம். என் சட்டையில் 'ரெட் 2' என்று எழுதின பேப்பரைக் குத்தியிருந்தார்கள். கையில் ஒரு ஸ்பாஞ்ச் வளையம். என்னைப்போல இன்னும் ஐந்து 'ரோபோ'க்கள். எல்லாம் 15, 16 வயசு. எனக்கு 49. வலது முழங்காலுக்கு மட்டும் 60.

விசில் ஊதினார்கள். ஓடினேன்.

"மாமா, இன்னும் ஃபாஸ்ட்டா! நிஜ ரோபோ உங்களைவிட ஸ்பீடா போகும்!" என்று ஓரத்திலிருந்து கத்தினாள் என் அக்கா மகள்.

டிசம்பர் சபா சீஸனில் சென்னையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது என் கொள்கை. அக்காதான், "இருபது வருஷமா கூப்பிடறேன், குளிருக்குப் பயந்தே செத்துடுவியா?" என்று டிக்கெட் போட்டு வரவழைத்திருந்தாள். வந்த முதல் வாரத்திலேயே மருமகள் கேட்டாள்: "மாமா, சனிக்கிழமை எங்களுக்கு கிக்-ஆஃப். வர்றீங்களா?"

கிக்-ஆஃப் என்றதும் ஃபுட்பால் என்று நினைத்து, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவள் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தது பள்ளிக்கூடத்துப் பட்டறையில். டிரில்லிங் மெஷின், ரம்பம், சுவரெல்லாம் ஸ்பேனர். நடுவில் நாற்பது பிள்ளைகள், ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, ரிசல்ட் பார்க்க வந்தவர்கள் மாதிரி பரபரத்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். 'ஃபர்ஸ்ட்' என்று ஓர் அமைப்பு. செக்வே என்கிற இரண்டு சக்கர வண்டியைக் கண்டுபிடித்த டீன் கேமன் 1989-ல் ஆரம்பித்தது. கூடைப்பந்து வீரனுக்குக் கிடைக்கிற கைதட்டல், இயந்திரம் செய்கிற பிள்ளைக்கும் ஏன் கிடைக்கக் கூடாது என்பது அவருடைய கேள்வி. அவரோடு கைகோத்தவர் எம்.ஐ.டி. பேராசிரியர் உட்டி ஃப்ளவர்ஸ். தன் வகுப்பு மாணவர்களுக்கு ஆளுக்கு ஒரு பை நிறைய ஒரேமாதிரி சாமான்களைக் கொடுத்து, 'இதை வைத்து ஓர் இயந்திரம் செய், போட்டி போடு' என்று பாடம் நடத்தின மனிதர். 2019-ல் காலமாகிவிட்டார். இவர்கள் நடத்திய முதல் ரோபோ போட்டி 1992-ல், நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில், 28 அணிகளோடு நடந்தது. 2024-ல் உலகம் முழுக்க 3,000 அணிகளுக்கு மேல். அமெரிக்காவில் மிக அதிக அணிகள் இருக்கிற மாநிலம் மிச்சிகன்தான். கார் ஃபேக்டரி ஊர் அல்லவா? தெருவுக்கு நாலு இன்ஜினீயர், ரெண்டு ஃபிட்டர்.

அதே 1992-ல்தான் நானும் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒவ்வொரு வருஷமும் விளையாட்டு மாறும். என்ன விளையாட்டு என்பது ஜனவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, உலகத்துக்கே ஒரே நேரத்தில் அறிவிக்கப்படும். அதுதான் கிக்-ஆஃப். அதற்கப்புறம் சில வாரங்களில் ஒரு ரோபோவை (2024-ல் எடை 57 கிலோ வரை இருக்கலாம்) யோசித்து, வரைந்து, வெட்டி, முடுக்கி, ஓட வைக்க வேண்டும். பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் போட்டிகள் ஆரம்பித்துவிடும்.

மதியம் 12 மணி. திரையில் ஒளிபரப்பு. நாற்பது பேரும் மூச்சுவிடவில்லை. அந்த வருஷ விளையாட்டின் பெயர் வந்தது: 'கிரெசெண்டோ.'

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அத்தனையும் சங்கீதம்! ரோபோ எடுத்துப்போட வேண்டிய ஆரஞ்சு நிற ஸ்பாஞ்ச் வளையத்துக்குப் பெயர் 'நோட்', அதாவது நம் ஸ்வரம். பார்க்க சபா கேன்டீன் மெதுவடை மாதிரி, ஆனால் 14 அங்குலம். களத்தின் ஒரு கோடியில், ஆறரை அடி உயரத்தில் வாயைத் திறந்துகொண்டு ஒரு 'ஸ்பீக்கர்'. ஸ்வரத்தை அதற்குள் எறிந்தால் 2 பாயின்ட். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, 'ஆம்ப்'. அதில் இரண்டு வளையம் போட்டு பட்டனை அமுக்கினால், அடுத்த 10 விநாடிக்கு ஸ்பீக்கரில் விழுகிற வளையத்துக்கு 5 பாயின்ட். நடுவில் ஒரு மேடை, மேடையைச் சுற்றிச் சங்கிலிகள். கடைசி விநாடிகளில் ரோபோ சங்கிலியைப் பிடித்துத் தொங்க வேண்டும். ஒரே சங்கிலியில் இரண்டு ரோபோ தொங்கினால் 'ஹார்மனி' என்று கூடுதலாக 2 பாயின்ட்.

சபாவை விட்டுவிட்டு வந்த பாவம், சபா என்னைத் தேடி மிச்சிகனுக்கு வந்துவிட்டது.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று ரோபோ, மொத்தம் ஆறு. ஆட்டத்தின் முற்பகுதியில் இரண்டு பக்கத்தாரும் ஆம்ப்பில் ஒரு வளையத்தைப் போட்டு ஒரு தனி பட்டனை அமுக்கினால், தரவரிசைப் புள்ளி ஒன்றுக்குத் தேவையான வளையங்களின் எண்ணிக்கை 18-லிருந்து 15-ஆக இரண்டு பேருக்குமே குறையும். எதிராளிக்கு உதவினால்தான் உனக்கும் லாபம்! நம் ஊர்ப் பொதுத்தேர்வில் இப்படி ஒரு பட்டன் வைத்தால் எத்தனை பேர் அமுக்குவார்கள் என்று யோசித்தேன். சரி, வேண்டாம்.

ஒளிபரப்பு முடிந்ததும் ஓடிப்போய் ஸ்பேனரைத் தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ஒரு பெரியவர் எழுந்தார். கார் ஃபேக்டரியில் டூல் அண்ட் டை வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எழுபது தாண்டியிருக்கும். "இன்று முழுக்க ரோபோ எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் பேசக் கூடாது. அது என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும். இந்த இரண்டு மட்டும்தான்" என்றார். அவ்வளவுதான், போய் உட்கார்ந்துகொண்டு காபி குடிக்க ஆரம்பித்துவிட்டார். அன்றும் மறுநாளும் அவர் யாருக்கும் எதற்கும் பதில் சொல்லி நான் பார்க்கவில்லை. "இது வேலை செய்யுமா?" என்று கேட்டால், "செய்து பாரேன்" என்பார். இல்லாவிட்டால் திருப்பி ஒரு கேள்வி.

விதிமுறைக் கையேடு நூறு பக்கத்துக்கு மேல். நாலு நாலு பேராகப் பிரிந்து, வரி வரியாக, சத்தம் போட்டுப் படித்தார்கள். 'ஒரு நேரத்தில் ஒரு வளையம்தான் வைத்திருக்கலாம்' என்று ஒரு பையன் கண்டுபிடித்ததும் நாலு பேருடைய கனவு உடைந்தது. நடுவில் பீட்சா, அக்கா கொடுத்தனுப்பின ஒரு ட்ரே எலுமிச்சை சாதம். சாதம்தான் முதலில் தீர்ந்தது.

அதற்கப்புறம்தான் என்னை ரோபோ ஆக்கினார்கள். வளையம் எடுக்கிற இடம் ஒரு கோடி, போடுகிற இடம் மறுகோடி. எத்தனை தடவை போய் வரலாம், எங்கே முட்டிக்கொள்வோம் என்பதை மனிதர்களை ஓடவிட்டே தெரிந்துகொள்கிறார்கள். நிஜ வளையம் ஒன்றிரண்டுதான் இருந்தது. மற்றதெல்லாம் நீச்சல்குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கிற ஸ்பாஞ்ச் குழாயை வளைத்து ஒட்டினது. முதல் 15 விநாடி ரோபோ தானாகவே இயங்க வேண்டும் என்பதால், எங்கள் கண்ணைக் கட்டிவிட்டார்கள். நான் நேராகப் போய் 'ப்ளூ 3' மேல் மோதினேன். அதையும் ஒரு பெண் சீரியஸாக நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஸ்டாப் வாட்ச் கணக்கு முடிந்தபோது, ஒரு வளையத்தைக் கொண்டுவந்து போட எங்களுக்கு ஆன நேரம் சராசரி 12 விநாடி. அந்த 12 விநாடி என் மருமகளுக்கு எதிரான சாட்சி ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மேடையின் உச்சியில் 'ட்ராப்' என்று ஒரு பொந்து. ரோபோ சங்கிலியில் தொங்கிக்கொண்டே வளையத்தை அதற்குள் செருகினால் 5 பாயின்ட். சர்க்கஸ் வேலை. அறிவிப்பில் அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து இவள் அதன் மேல் காதலாகிவிட்டாள். 'எப்படி என்று பேசக் கூடாது' என்று பெரியவர் சொல்லியும், மேஜைக்கடியில் வைத்து நோட்டில் ஆறு பக்கம் படம் வரைந்துவிட்டாள். எனக்குக் காட்டினாள். ஏணி மாதிரி நீள்கிற ஒரு கை. அழகாக இருந்தது.

மாலையில் வெள்ளைப் பலகையில் மூன்று தலைப்பு எழுதினார்கள். 'கட்டாயம்', 'இருந்தால் நல்லது', 'இந்த வருஷம் வேண்டாம்.' ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஏன்?' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் எதையும் எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது. மார்க்கர் இவள் கையில்.

ட்ராப் வந்தது. இவளே எடுத்து வைத்தாள். 5 பாயின்ட் என்றாள். ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு சீனியர் பையன் எழுந்து, மரியாதையாகத்தான் சொன்னான்: அதற்குக் குறைந்தது 24 விநாடி போகும், அந்த நேரத்தில் இரண்டு வளையம் எறியலாம், பெருக்கல் நேரமாக இருந்தால் 10 பாயின்ட், நீளமான கை வைத்தால் எடை கூடும், ரோபோவும் உயரமாகும், உயரமானால் மேடைக்கு அடியில் நுழைந்து குறுக்கே போக முடியாது.

"மத்த டீம் நிறைய பேர் இதைச் செய்ய மாட்டாங்க. அதனாலதான் நாம செய்யணும்" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது.

பெரியவர் காபியை வைத்தார். "அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அது ரோபோவுக்கான காரணமா, உனக்கான காரணமா?"

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் கையைத் தூக்கச் சொன்னார்கள். இவளுக்கு ஆதரவாக ஏழு கை. எட்டாவதாக என் கையும் பாதி எழுந்தது. விருந்தாளிக்கு ஓட்டு இல்லை என்று இறக்கிவிட்டார்கள். மார்க்கர் இவளிடம்தானே இருந்தது? இவளேதான் மூன்றாவது தலைப்பின் கீழ் 'ட்ராப்' என்று எழுதினாள். 'ஏன்?' கட்டத்தில், 'நேரம் போதாது' என்று எழுதிவிட்டு, மூடியைப் போட்டு, மார்க்கரை வைத்தாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. நான் படித்த வகுப்பறைகளில், கையைத் தூக்கி ஒன்றைச் சொல்லித் தோற்ற அனுபவமே எனக்கு இல்லை. நாங்கள் எங்கே சொன்னோம்?

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது, அத்தான் ஓட்ட, பின்சீட்டில் நானும் அவளும். பத்து நிமிஷம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன். திடீரென்று திரும்பி, "மாமா, நீங்களும் மெக்கானிக்கல்தானே? ஃபைனல் இயர்ல என்ன செஞ்சீங்க?" என்றாள்.

"ஒரு டிரில்லிங் மெஷின். காத்து அழுத்தத்துல தானா கீழ இறங்கித் துளை போடும்."

"வாவ்! நீங்களேவா?"

"ம்... நாங்க நாலு பேர்."

அந்த 'நாலு பேர்' மட்டும்தான் உண்மை. மற்றதை உங்களிடம் சொல்கிறேன். 1996-ல் நாங்கள் நாலு பேரும் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு, ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் அந்த மெஷினை வாங்கினோம். ரிப்போர்ட்டும் சேர்த்து அதே விலை. பச்சை பெயின்ட் காய்வதற்கு முன்னால் ஆட்டோவில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். என் பேன்ட்டில் பச்சை ஒட்டிக்கொண்டது. அந்த மெஷினோடு எனக்கு ஏற்பட்ட ஒரே உடல் சம்பந்தம் அதுதான். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்டார். வயசானவர், மெதுவாகப் பேசுவார். மெஷினைச் சுற்றி ஒரு முறை நடந்தார். டிரில் தலைக்குப் பக்கத்தில், வெளியே தெரிகிற மாதிரி ஒரு ஸ்பிரிங் இருந்தது. அதைத் தொட்டு, என்னைப் பார்த்து, "இந்த ஸ்பிரிங் எதுக்குப்பா?" என்றார்.

நாலு பேரும் ஊமை. கடைசியில் நான், "சப்போர்ட்டுக்கு சார்" என்றேன்.

அவர் திட்டவில்லை. லேசாகச் சிரித்தார். பேப்பரில் ஏதோ எழுதினார். எனக்கு 92 மார்க் வந்தது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பும் 92-ம்தான் இத்தனை வருஷமாக உறுத்துகின்றன. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அப்புறம் எழுத்து என்று நான் மெஷின் பக்கமே தலைவைத்துப் படுக்காததற்கு அந்த ஸ்பிரிங்கும் ஒரு காரணமோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு மறுபடி பட்டறை. இன்றைக்கு 'எப்படி' பேசலாம். ஒரே இரவில் இடம் மாறிவிட்டது. பிளைவுட் துண்டு, மரச்சட்டம், ரப்பர் சக்கரம், டக்ட் டேப். மோட்டாருக்குப் பதிலாகக் கை டிரில்லையே சக்கரத்தில் மாட்டிச் சுற்றுகிறார்கள். அழகு, அளவு எதுவும் முக்கியமில்லை. இந்த யோசனை நடக்குமா நடக்காதா என்று மதியத்துக்குள் தெரிய வேண்டும்.

இவளைத் தேடினேன். சோர்ந்துபோய் மூலையில் இருப்பாள் என்று நினைத்தேன். அந்தக் கண்ணாடிப் பையனின் மேஜையில் இருந்தாள். அவனுடைய யோசனை, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வளையத்தைக் கொடுத்து எறிவது. வளையத்தின் தடிமன் 2 அங்குலம். சக்கரங்களின் இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால்தான் பிடித்து எறியும். எவ்வளவு குறைவாக? அதுதான் அன்றைய கேள்வி. முதல் வளையம் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது. இடைவெளியைக் குறைத்தார்கள். அடுத்தது சக்கரத்தில் சிக்கி நின்றுவிட்டது. அட்டையை வெட்டிச் செருகி, கொஞ்சம் கூட்டினார்கள். மூன்றாவது வளையம் பறந்துபோய்ப் பெரியவரின் காபியைத் தட்டிவிட்டது. பட்டறையே ஆரவாரம் செய்தது. அவர் மட்டும், "எழுதிக்கொண்டீர்களா?" என்று கேட்டார்.

இவள்தான் எழுதினாள். ஒவ்வோர் எறிதலுக்கும் இடைவெளி எவ்வளவு, எவ்வளவு தூரம் போனது என்று. சாயங்காலம் ஆறரை அடி உயரத்தில் கட்டின அட்டை ஓட்டைக்குள் பத்துக்கு எட்டு விழுந்தது.

"நேத்து உன் ஐடியாவைக் கவுத்தவன் மிஷினாச்சே?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"அதுக்கு என்ன மாமா செய்யறது? இது எறியலைன்னா எங்ககிட்ட ரோபோவே இல்ல" என்றாள். இரண்டு நிமிஷம் கழித்து, "ஆனா எனக்கு இன்னும் கோவம்தான்" என்றாள்.

மார்ச்சில் நான் சென்னைக்குத் திரும்பின பிறகு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவர்கள் ரோபோ அல்ல. வேறு ஏதோ ஓர் அணியின் ரோபோ சங்கிலியில் தொங்கியபடி ட்ராப்பில் வளையத்தைச் செருகுகிறது. கீழே ஒரே வரி: 'பாத்தீங்களா, முடியும்!' அவர்களுடைய ரோபோ நடுவாந்தரமாகத்தான் ஆடியது என்று அக்கா சொன்னாள். ஆனால் எல்லா ஆட்டத்திலும் எறிந்ததாம்.

அந்த ஞாயிறு இரவுக்கு வருகிறேன். எல்லோரும் பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆயா கிடையாது, அவர்களேதான். நானும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டு நாளும் அந்தப் பலகையில் 'ஏன்?', 'ஏன்?' என்று பார்த்துப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை.

"நேத்து கார்ல உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்மா. அந்த மெஷினை நாங்க செய்யலை. காசு கொடுத்து வாங்கினோம்."

அவள் துடைப்பத்தை நிறுத்தினாள். எக்ஸாமினர், ஸ்பிரிங், 92 மார்க் எல்லாம் சொன்னேன். 'ச்சீ' என்பாள், இல்லை, 'பரவாயில்லை மாமா' என்பாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்த ஸ்பிரிங் எங்க இருந்துச்சு?"

ஒரு பேப்பரில் வரைந்து காட்டினேன். கையெல்லாம் நடுங்கியது. ஒரு நிமிஷம் பார்த்தாள். பழைய ரோபோக்களின் உதிரிகள் கிடந்த ஒரு டப்பாவைக் கிளறி, கட்டைவிரல் அளவு ஒரு சிலிண்டரை எடுத்தாள். காற்றுக் குழாயை மாட்டி, வால்வைத் திறந்தாள். 'டக்' என்று தண்டு வெளியே வந்தது. மூடி, காற்றை வெளியேற்றினாள். 'புஸ்' என்று தண்டு தானாக உள்ளே போய்விட்டது.

"உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு மாமா. இந்த மாதிரி சிலிண்டர்ல காத்து ஒரு பக்கம்தான் தள்ளும். காத்து போனதும் திரும்பி வரணுமில்ல? அதுக்கு. உங்க மெஷின்ல அதை வெளியில வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

என்னிடம் கொடுத்தாள். நானே திறந்தேன், மூடினேன். டக். புஸ். டக். புஸ். பெரியவர் விளக்கை அணைக்கக் காத்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை.

28 வருஷம் ஆகிவிட்டது. அந்த எக்ஸாமினர் இருந்தால் இப்போது எண்பது தாண்டியிருக்கும். எங்கேயாவது ஈஸிசேரில் உட்கார்ந்து இதைப் படிக்க நேர்ந்தால், சார், வணக்கம். உங்கள் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது.

சப்போர்ட்டுக்கு இல்லை சார். திரும்பி வருவதற்கு.